கீழ்விளிம்பு, மணிக்கட்டு, கழுத்து: ஒரு குரோஷே சுவெட்டரின் ரிப் பின்னல் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

எங்கள் பின்னல் வகுப்பில் ரிப் கற்றவர் 34 வயதுப் பெண். கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை. செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் அம்மாவுடன் வசிக்கிறார். இரண்டு வருடமாகக் குரோஷே, அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் பின்னல், பின்னுகிறார். மேசை விரிப்பு, கைப்பை, சிறு பொம்மைகள் எல்லாம் கை தடுமாறாமல் வரும். உடம்பில் போடும் உடுப்பு எதையும் அதுவரை பின்னியதில்லை.

அம்மாவுக்கு 61 வயது. திங்கள், புதன், வெள்ளி என வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். இடது முன்னங்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அறுவை சிகிச்சையில் உண்டாக்கிய ரத்தப் பாதை, இருக்கிறது. டயாலிசிஸ் நிலையத்தில் ஏர்கோன் குளிர் அதிகம். ரத்தம் உடம்புக்கு வெளியே குழாய் வழியாகப் போய்த் திரும்புவதால் நோயாளிக்கு அந்தக் குளிர் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரியும். போர்வை மடியை மூடும், தோளையும் கையையும் மூடாது. அதற்காகத்தான் இந்தச் சுவெட்டர்.

நூல் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்தது. இங்குள்ள கடைகளில் ‘மில்க் காட்டன்’ என்று 50 கிராம் உருண்டையாகக் கிடைக்கும். தூய உல்லன் இந்த ஊர் வெக்கைக்கு உறுத்தும் என்பதால் அம்மா வேண்டாம் என்றுவிட்டார். உடல் பகுதியை ஓர் அமெரிக்க வீடியோவைப் பார்த்து 4 மி.மீ. ஊசியில், அவர்கள் ‘டபுள் குரோஷே’ என்று சொல்லும் கண்ணியில் பின்னி முடித்திருந்தார். 10 செ.மீ. அகலத்துக்கு 15 கண்ணி, 10 செ.மீ. உயரத்துக்கு 9 வரிசை. கீழ்ச்சுற்றில் 156 கண்ணி, அதாவது 104 செ.மீ.

வீடியோவில் ரிப், அதாவது இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்கும் விளிம்புப் பட்டை, இல்லை. விளிம்பு அப்படியே விடப்பட்டிருந்தது. அதனால் அம்மா பல வருடம் எடுத்து வைத்திருந்த ஒரு பழைய பிரிட்டிஷ் பின்னல் புத்தகத்திலிருந்து ரிப் குறிப்பை எடுத்துக்கொண்டார். 2025 பிப்ரவரி 15, தைப்பூசம் முடிந்த முதல் சனிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸில் நடக்கும் பின்னல் வகுப்புக்குச் சுவெட்டரைக் கொண்டுவந்தார். சித்திரைப் புத்தாண்டுக்குள் அம்மா அதைப் போட வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

முதல் முயற்சி: சுருங்க வேண்டியது விரிந்தது

அன்று கொண்டுவந்தபோது கீழ்விளிம்பில் 40 வரிசை ரிப் பின்னியிருந்தார். அந்த 40 வரிசையும் உடலின் 40 கண்ணிகளில் உட்கார்ந்திருந்தன. விளிம்பு சுருங்கவில்லை, பாவாடைக்குக் கொசுவி வைத்த கரை போல அலை அலையாக நின்றது.

“கை லூசா பின்றேனா அக்கா?” என்றுதான் அவர் முதலில் கேட்டார். பயிற்றுநர் பதில் சொல்லாமல் அளவு நாடாவை எடுத்தார். உடல் பக்கம் 40 கண்ணி 27 செ.மீ. இருந்தது. ரிப் பக்கம் 40 வரிசை 44 செ.மீ. 27 செ.மீ. இடத்தில் 44 செ.மீ. துணியைத் தைத்தால் எவர் கைக்கும் அது அலையாகத்தான் நிற்கும். கை இறுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

காரணம் ஒரு சொல். புத்தகம் ‘பின் இழையில் டபுள் குரோஷே’ என்று சொல்கிறது. பிரிட்டிஷ் வழக்கில் டபுள் குரோஷே என்பது மிகக் குட்டையான அடிப்படைக் கண்ணி. அதே கண்ணிக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் சிங்கிள் குரோஷே. அமெரிக்கர்களின் டபுள் குரோஷே அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரமானது. பிரிட்டிஷ் வழக்கில் அது ட்ரெபிள். கற்றவர் வீடியோ பார்த்துக் கற்றவர் என்பதால் அமெரிக்க டபுள் குரோஷேயைப் போட்டிருக்கிறார்.

மலேசியாவில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். வீட்டு அலமாரியில் இருப்பது பிரிட்டிஷ் புத்தகம், கைப்பேசியில் ஓடுவது அமெரிக்க வீடியோ. குறிப்பில் எங்காவது ‘சிங்கிள் குரோஷே’ என்ற சொல் வந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க வழக்கு. இன்றைய பிரிட்டிஷ் வழக்கில் அந்தப் பெயர் கிடையாது. அந்தச் சொல் இல்லாமல் ‘டபுள்’, ‘ட்ரெபிள்’ மட்டும் வந்தால், குறிப்பில் உள்ள கண்ணி, வரிசை அளவைப் பார்த்து எந்த வழக்கு என்று முடிவு செய்ய வேண்டும்.

40 வரிசையும் பிரிக்கப்பட்டது.

ரிப் எப்படி வேலை செய்கிறது

அதே வகுப்பில் ரிப்பின் அமைப்பு விளக்கப்பட்டது. பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன என்பதால் சுருக்கமாக இங்கே.

ஒவ்வொரு கண்ணியின் தலையையும் மேலிருந்து பார்த்தால் சடை பின்னினது போல இரண்டு இழை தெரியும். சாதாரணப் பின்னலில் ஊசி இரண்டுக்கும் அடியில் போகும். ரிப்பில் பின்பக்கத்து இழையில் மட்டும் போகும். விடப்பட்ட முன் இழை ஒரு வரம்பாக எழுந்து நிற்கும். வரிசைக்கு வரிசை திருப்பிப் பின்னுவதால் ஒரு வரம்பு இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம். துணி புடவைக் கொசுவம் போலத் தானாக மடிந்துகொள்ளும். இழுத்தால் கொசுவம் விரியும், விட்டால் மடியும்.

விரிவது வரிசைகளுக்குக் குறுக்கே மட்டும். அதனால்தான் இந்த ரிப்பைச் சுவெட்டரின் சுற்றோடு பின்னாமல் சுற்றுக்குக் குத்தாகப் பின்னுகிறோம். வரிசையின் நீளம் ரிப்பின் உயரம். வரிசைகளின் எண்ணிக்கை சுற்றளவு.

கொசுவம் உண்டாவது அமைப்பால். விரிந்தது திரும்பி மடிவது நூலின் துள்ளலால். உல்லனுக்கு அந்தத் துள்ளல் இயல்பிலேயே உண்டு. பருத்திக்குக் கிட்டத்தட்ட இல்லை. கலப்பு நூலில் கொஞ்சம் இருக்கும், மீதியை ஊசியின் அளவால் ஈடுகட்ட வேண்டும். கற்பவர்களுக்கு இது முதலிலேயே சொல்லப்படுவதில்லை என்பது எங்களுக்கு எப்போதும் உள்ள குறை. குறிப்பில் உள்ள ரிப் உல்லனுக்கு எழுதியது. இங்கே பின்னுகிறவர் கையில் இருப்பது பருத்தி.

இரண்டாம் முயற்சி: மேசையில் சரி, துவைத்ததும் தவறு

பிப்ரவரி 22 வாக்கில் கற்றவர் அமெரிக்க சிங்கிள் குரோஷேயில், பின் இழையில், அதே 4 மி.மீ. ஊசியால் கீழ்விளிம்பு முழுவதையும் முடித்துவிட்டார். ஒரு கண்ணிக்கு ஒரு வரிசை என 156 வரிசை. மேசையில் வைத்து அளந்தால் சுற்றளவு 92 செ.மீ. உடலின் 104 செ.மீ.க்கு இது 88 விழுக்காடு. நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் துவைத்துப் பால்கனிக் கொடியில் தொங்கவிட்டார். பருத்தி தண்ணீரை நிறைய உறிஞ்சும். அந்தப் பாரம் முழுவதும் கீழ்நோக்கி இழுக்கிறது, காற்றில் ஈரப்பதம் இருப்பதால் காயவும் ஒன்றரை நாள் ஆனது. காய்ந்தபின் உடலின் நீளம் 56லிருந்து 60 செ.மீ. ஆகியிருந்தது. கீழ்விளிம்பு 101 செ.மீ. இழுத்துவிட்டாலும் மடியவில்லை. ரிப் என்று கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.

இதில் இரண்டு தவறு சேர்ந்திருக்கிறது. தொங்கவிட்டது ஒன்று. உடலுக்குப் பயன்படுத்திய ஊசியையே ரிப்புக்கும் பயன்படுத்தியது மற்றது. பெரிய ஊசியில் கண்ணிகளுக்கு நடுவே இடம் அதிகம், நூல் அந்த இடத்துக்குள் நகர்ந்து விரிந்த நிலையிலேயே தங்கிவிடுகிறது.

மாதிரித் துண்டுகள்

மார்ச் 1 வகுப்பில் சுவெட்டரைத் தொடவில்லை. அதே நூலில் 10 கண்ணி அகலத்தில் மூன்று துண்டு, மூன்று ஊசியில் பின்னச் சொல்லப்பட்டது. பின்னி, துவைத்து, துண்டில் வைத்து அமுக்கி ஈரம் எடுத்து, படுக்கவைத்துக் காயவிட்ட பிறகு அளந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே கணக்கில் பார்ப்பதற்காக, சும்மா கிடக்கும் நிலையில் 10 செ.மீ. உள்ள பகுதியைக் குறித்துக்கொண்டு, கையால் முழுக்க இழுத்து ஒரு நிமிடம் பிடித்து, விட்டு, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்தார்கள்.

4 மி.மீ. துண்டு 14.5 செ.மீ. வரை விரிந்து 11.2க்குத்தான் திரும்பியது. 10 செ.மீ.க்கு 17 வரிசை. 3.5 மி.மீ. துண்டு 15 வரை விரிந்து 10.4க்குத் திரும்பியது, 19 வரிசை. 3 மி.மீ. துண்டு 13.5 வரை மட்டும் விரிந்து 10.1க்குத் திரும்பியது, 21 வரிசை. ஆனால் கையில் அட்டை போல இருந்தது.

ஊசி சிறிதாகச் சிறிதாகத் திரும்பும் திறன் கூடுகிறது, ஓரளவுக்கு மேல் விரியும் திறன் குறைகிறது. இந்த நூலுக்கும் இந்தக் கைக்கும் 3.5 சரியான நடு. இன்னொருவர் கையில் இதே நூல் 3இல் சரியாக வரலாம். எண்ணைக் கடன் வாங்க முடியாது, சோதனையை வாங்கிக்கொள்ளலாம்.

3.5இல் இன்னொரு துண்டு பின்னி, அதன்மேல் நீராவி இஸ்திரி வைத்துக் காட்டப்பட்டது. 10 செ.மீ. துண்டு 13 ஆனது. துவைத்த பிறகும் 13ஆகவே இருந்தது, துணி துவண்டு போனது. அக்ரிலிக் சூட்டில் இளகும், அந்த நிலையிலேயே உறைந்துவிடும். இதைத் திருப்பிச் சரிசெய்ய வழியே இல்லை. அந்தத் துண்டை வகுப்பில் எடுத்து வைத்திருக்கிறோம்.

வேறு வழிகளும் பேசப்பட்டன. கண்ணியின் தலையில் கோக்காமல் அதன் தண்டைச் சுற்றி முன்னாலும் பின்னாலும் மாறிமாறிக் கோக்கும் ரிப்பைச் சுற்றோடு நேராகப் பின்னலாம், இணைக்கும் வேலை இல்லை. ஆனால் அது தடிப்பு. நான்கு மணி நேரம் சாய்ந்திருப்பவரின் இடுப்பில் அந்தத் தடிப்பு அழுத்தும். பின் இழையில் ஸ்லிப் ஸ்டிச், அதாவது உயரமே இல்லாத இணைப்புக் கண்ணி, மட்டும் போட்டால் இரட்டை ஊசிப் பின்னல் ரிப்பைப் போலவே அழகாக விரியும், வரிசைகள் மிகக் குட்டை என்பதால் கீழ்விளிம்பின் முழுச் சுற்றுக்கும் நாள் போதாது. எலாஸ்டிக் நூலைச் சேர்த்துக் கோர்ப்பது மூன்றாவது யோசனை. அது துவைக்கத் துவைக்கத் தளரும். முக்கியமாக, அம்மாவின் இடது கைப்பக்கம் எலாஸ்டிக் எதுவுமே போகக்கூடாது. பின் இழை சிங்கிள் குரோஷே, 3.5 ஊசி என்று முடிவானது.

கீழ்விளிம்பு: கணக்கும் செய்முறையும்

10 செ.மீ.க்கு 19 வரிசை. ஒரு கண்ணிக்கு ஒரு வரிசை என்றால் 156 வரிசை 82 செ.மீ. தான் வரும், உடலின் 79 விழுக்காடு. இளைஞர்களின் இறுக்கமான சுவெட்டருக்கு அது சரி. அம்மாவின் இடுப்புச் சுற்று 98 செ.மீ.; 82 செ.மீ. ரிப் வயிற்றின் மேல் ஏறிச் சுருண்டு நிற்கும். 90 விழுக்காடு, அதாவது 94 செ.மீ. சுற்று என்று தீர்மானித்தார்கள். அதற்கு 178 வரிசை வேண்டும். கண்ணிகளோ 156.

வரிசைகளை இணை இணையாக எண்ணினால் கணக்கு எளிது. உடலிலிருந்து வெளியே ஒரு வரிசை, வெளியிலிருந்து உடலுக்கு ஒரு வரிசை, இது ஓர் இணை. சாதாரணமாக ஓர் இணை உடலில் இரண்டு கண்ணியை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு நான்காவது இணைக்கும் ஒரே கண்ணி கொடுத்தால் நான்கு இணைக்கு ஏழு கண்ணி. 156 கண்ணியில் இப்படி 22 கூட்டம் போக இரண்டு கண்ணி மிச்சம், அதில் கடைசி இணை. மொத்தம் 89 இணை, 178 வரிசை.

செய்முறை இது. கீழ்விளிம்பில், பக்கத் தையலுக்கு நேராக நூலை இணைத்து 17 சங்கிலி. ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 16 சிங்கிள் குரோஷே. இதுதான் 8 செ.மீ. உயரம். உடலை அடைந்ததும் அடுத்த கண்ணியில் ஒரு ஸ்லிப் ஸ்டிச். அதற்கடுத்த கண்ணியில் இன்னொன்று. முதலாவது இணைப்பு, இரண்டாவது அடுத்த வரிசைக்கு ஏறும் படி. திருப்பவும். அந்த இரண்டு ஸ்லிப் ஸ்டிச்சையும் தாண்டி, பின் இழையில் 16 சிங்கிள் குரோஷே. வெளி முனையில் ஒரு சங்கிலி, திருப்பி மறுபடி 16, உடலில் இணைப்பு. நான்காவது இணை முடியும்போது மட்டும் இரண்டுக்குப் பதில் ஒரே ஸ்லிப் ஸ்டிச்.

வெளி முனையின் கடைசிக் கண்ணியை மட்டும் இரண்டு இழையிலும் கோர்ப்பது நல்லது. அந்த ஓரம்தான் நாற்காலியிலும் இடுப்பிலும் உரசும் இடம். ஒற்றை இழையில் விட்டால் பல்பல்லாக இழுபடும்.

மார்ச் 8 வகுப்பில் புதிய பிழை ஒன்று தெரிந்தது. ரிப் சரிவாகப் போய்க்கொண்டிருந்தது; தொடக்கத்தில் 8 செ.மீ., 50ஆவது வரிசையில் 6.5. எண்ணிப் பார்த்தால் 16 கண்ணி 13 ஆகியிருந்தது. உடலை ஒட்டியிருக்கும் முதல் கண்ணிதான் தொலைந்த இடம். இரண்டு ஸ்லிப் ஸ்டிச் போட்டுத் திருப்பும்போது அவை இழுத்துக்கொண்டு முதல் கண்ணியின் தலையை மறைத்துவிடுகின்றன. கண்ணுக்கு இரண்டாவதுதான் முதலாகத் தெரியும். உடலை அடையும் வரிசையின் கடைசிச் சிங்கிள் குரோஷேயில், ஸ்லிப் ஸ்டிச் போடும் முன்பே குறிப்பூக்கை மாட்டிவிட்டால் திரும்பும்போது அங்கே கண்டிப்பாக ஊசி போகும். சிறிய ஊக்கு ஒன்று போதும், அதுவே வரிசைக்கு வரிசை மேலேறிக்கொள்ளும். முதல் தடவை கண்ணி குறைந்திருந்த இடம் வரை பிரித்து, மார்ச் 15க்குள் 178 வரிசையும் முடித்தார். முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் பின் இழையில் ஸ்லிப் ஸ்டிச்சால் மூடியபின் அளவு 93.5 செ.மீ.

மணிக்கட்டு: வலது கை

கை நுனியில் 36 கண்ணி, 24 செ.மீ. மணிக்கட்டு 16 செ.மீ.; கட்டைவிரலை மடக்கி உள்ளங்கையைச் சுற்றி அளந்தால் 21. ரிப் சும்மா இருக்கும்போது 17 செ.மீ. இருந்து 21ஐத் தாண்டி விரிந்தால் போதும். 32 வரிசை, 16 இணை. இங்கே கண்ணி அதிகம், வரிசை குறைவு, கீழ்விளிம்பின் கணக்குக்கு நேர் எதிர். 12 இணைக்கு இரண்டு கண்ணி, ஒவ்வொரு நான்காவது இணைக்கும் மூன்று. மூன்றாவதில் ஸ்லிப் ஸ்டிச் போடாமல் ஒரு கண்ணியைத் தாண்டிவிட்டால் தடிக்காது. உயரம் 12 கண்ணி, 6 செ.மீ.

சிரமம் ஏதும் இல்லாமல் வந்தது. அதே அளவில் இடது கையையும் பின்னிவிட்டார்.

இடது கை: அம்மா போட்டுப் பார்த்தபோது

மார்ச் 20 இரவு அம்மா முதன்முறையாகப் போட்டுப் பார்த்தார். ஊசி போடும் இடம் தெரிவதற்காக இடது கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டு இருபது நிமிடம் தொலைக்காட்சி பார்த்தார். பிறகு, “கை இறுக்குதும்மா. கோடு விழுந்திருக்கு பாரு” என்றார். கற்றவர் பார்த்தபோது மேல்கையைச் சுற்றி ரிப்பின் வரம்புகள் ஒவ்வொன்றாகத் தோலில் பதிந்திருந்தன. மேல்கைச் சுற்று 30 செ.மீ. 17 செ.மீ. ரிப்பை அங்கே ஏற்றினால் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரிய முயல்கிறது; இந்த ரிப்பின் எல்லையோ ஒன்றரை மடங்கு.

வேறு யாருடைய கையாக இருந்தாலும் தளர்த்திப் பின்னினால் போயிற்று. ஃபிஸ்டுலா உள்ள கை அப்படியல்ல. தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சையில் இணைத்து உண்டாக்கிய பாதை அது. கை வைத்தால் உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு விரலுக்குத் தெரியும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்க மாட்டார்கள். இறுக்கமான வளையல், கடிகாரம், சட்டைக் கை எதுவும் கூடாது. அழுத்தத்தால் ஓட்டம் குறைந்து ரத்தம் உறைந்தால் பாதையே அடைபட்டுப் போகலாம்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை கற்றவர் சுவெட்டரை நிலையத்துக்கே எடுத்துப்போய்த் தாதியிடம் காட்டினார். தாதி இரண்டு விஷயம் சொன்னார். அந்தக் கையில் எந்த இடத்திலும் பிடிப்பு இருக்கக்கூடாது. ஊசி குத்திய இடமும் குழாய் இணைப்பும் நான்கு மணி நேரமும் கண்ணுக்குத் தெரியும்படி திறந்திருக்க வேண்டும். ஊசி நழுவி ரத்தம் கசிந்தால் துணிக்கடியில் தெரியாமல் போகும்.

முடிவு, மார்ச் 22: இடது கையில் ரிப் சுற்றாக இருக்காது. கை வரிசை வரிசையாகப் பின்னி அடிப்பக்கத்தில் தைக்கப்பட்டிருந்ததால், அந்தத் தையலை மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் 10 செ.மீ. வரை பிரித்தார்கள், மொத்தம் 34 செ.மீ. இரு ஓரத்திலும் இரண்டு வரிசை சிங்கிள் குரோஷே போட்டு, 12 மி.மீ. பிளாஸ்டிக் பிரஸ் பட்டன் ஆறு தைத்தார்கள். மணிக்கட்டு ரிப்பைப் பிரித்து, பார்வைக்கு வலது கையோடு பொருந்துவதற்காக மட்டும், 22 செ.மீ. அகலத்தில் தட்டையாக மறுபடி பின்னினார் கற்றவர். 42 வரிசை, 21 இணை. 15 இணைக்கு இரண்டு கண்ணி, 6 இணைக்கு ஒன்று. பட்டனைப் பூட்டினாலும் மணிக்கட்டுக்கும் ரிப்புக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாகப் போகிறது.

இந்த ரிப் விரியவே தேவையில்லை. ஆனாலும் சாதாரண விளிம்பாக விட்டிருந்தால் ஒரு கை ஒரு மாதிரி, மறு கை வேறு மாதிரி என்று தெரிந்திருக்கும். அம்மாவுக்கு அது பிடிக்காது என்று கற்றவர் சொன்னார். அந்த ஒரு காரணமே 42 வரிசைக்குப் போதுமானது.

கழுத்து

மார்ச் 29 வகுப்பு நோன்புப் பெருநாளையொட்டி இல்லை. அந்த வாரம் கற்றவர் வீட்டிலேயே கழுத்து ரிப்பைப் பின்னினார். விளிம்பில் 84 கண்ணி, 56 செ.மீ.; 84 வரிசை, 44 செ.மீ.; உயரம் 6 கண்ணி. தலைச்சுற்று 55. மாதிரித் துண்டின்படி 44 செ.மீ. ரிப் 66 வரை விரிய வேண்டும். ஆனால் தலை நுழையவில்லை.

ஏப்ரல் 5 அன்று இழுத்து அளந்தபோது ரிப்பின் வெளி ஓரம் 64 வரை விரிந்தது. உடலோடு சேரும் கோடு 51இல் நின்றுவிட்டது. ஸ்லிப் ஸ்டிச் இயல்பிலேயே இறுக்கமானது, விரியாது. கீழ்விளிம்பில் அதே கோடு இருந்தும் பிரச்சினை வராததற்குக் காரணம், அங்கே உடலின் சுற்றைத் தாண்டி விரிய வேண்டிய தேவையே இல்லை. கழுத்தில் ஒவ்வொரு செ.மீ.க்கும் தேவை இருக்கிறது.

ரிப்பைக் கழற்றி, தனிப் பட்டையாகப் பின்னி வளையமாக மூடினார்கள். வளையத்தையும் கழுத்தையும் நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் 21 வரிசைக்கு 21 கண்ணி வருமாறு ஊக்குக் குத்தி, மழுங்கிய தையல் ஊசியால் சுற்றித் தைத்தார்கள். ஒவ்வொரு பத்துத் தையலுக்கும் ஒருமுறை விளிம்பை நன்றாக இழுத்து நூலுக்குத் தளர்வு கொடுக்க வேண்டும். இப்போது இணைப்புக் கோடு 58 வரை விரிகிறது.

விளைவு

ஏப்ரல் 12 அன்று துவைத்து, துண்டில் சுருட்டி அமுக்கி, கம்பி வலைத் தட்டில் படுக்கவைத்து மின்விசிறிக்கு அடியில் காயவைத்தார்கள். கீழ்விளிம்பு 95 செ.மீ. கொடியில் போட்ட முதல் தடவை 92 செ.மீ. 101 ஆனது, இந்தத் தடவை 93.5 செ.மீ. 95 ஆனது.

ஏப்ரல் 14 திங்கட்கிழமை, சித்திரைப் புத்தாண்டு. பண்டிகைக்காக டயாலிசிஸ் நிற்காது. காலையில் சாமி கும்பிட்டுவிட்டு அம்மா சுவெட்டரோடு போனார். இடது கை திறந்திருந்தது, தோள் மூடியிருந்தது. நான்கு மணி நேரம் கழித்து வலது மணிக்கட்டிலும் இடுப்பிலும் பதிவு எதுவும் இல்லை.

இரண்டு விஷயம் எதிர்பாராதவை. திறப்பு கையின் அடிப்பக்கத்தில் இருந்ததால், முழங்கைக்கு மேலுள்ள இரண்டு பட்டனும் நாற்காலியின் கைப்பிடிக்கும் தோலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு வட்டமாகப் பதிந்தன. அந்த இரண்டையும் எடுத்துவிட்டுப் பின்னிய நாடா கட்டப்பட்டது.

மற்றது எடை. டயாலிசிஸுக்கு முன்பும் பின்பும் நோயாளியின் எடையைப் பார்த்துத்தான் எவ்வளவு நீர் எடுப்பது, எடுத்தது சரியா என்று கணக்கிடுகிறார்கள். சமையலறைத் தராசில் சுவெட்டர் 580 கிராம். ஒரு தடவை போட்டுக்கொண்டும் ஒரு தடவை போடாமலும் எடை பார்த்தால் கணக்கு அரை கிலோவுக்கு மேல் பிசகும். இரண்டு தடவையும் சுவெட்டரோடு எடை பார்ப்பது என்று தாதியிடம் பேசி முடிவு செய்தார்கள். குழாய் மாட்டியபின் தலைவழியாகக் கழற்ற முடியாத உடுப்பு என்பதால் அதுவே நடைமுறைக்கும் ஒத்துவந்தது.

ஜூன் மாத இறுதியில், ஒன்பது சலவைக்குப் பிறகு, கீழ்விளிம்பு 96 செ.மீ. வலது மணிக்கட்டு 17லிருந்து 18.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

டயாலிசிஸுக்குப் போகிறவருக்குத் தலைவழியாகப் போடும் சுவெட்டர் சரியான தேர்வு அல்ல. நடுவில் புழுங்கினால் கழற்ற வழியில்லை. முன்பக்கம் திறக்கும் மாதிரியாக எடுத்தால் கழுத்து ரிப்பின் தலைவலியும் போகும், ஏனென்றால் அது தலைக்குள் நுழைய வேண்டியதில்லை. அம்மா பழைய படம் ஒன்றில் பார்த்த மாதிரியைக் கேட்டதால் இம்முறை அதை மாற்றவில்லை.

ஃபிஸ்டுலா உள்ள கையின் திறப்பைப் பின்னலிலேயே கையின் மேல்பக்கத்தில், தோளிலிருந்து நேர் கோட்டில் திட்டமிட வேண்டும். பின்னி முடித்த தையலைப் பிரிப்பது கைக்கு வந்த வழி, சரியான வழி அல்ல. பட்டனுக்குப் பதில் முழுக்க நாடா.

மாதிரித் துண்டு உடலுக்கு ஒன்று, ரிப்புக்கு ஒன்று என இரண்டும் முதல் நாளே பின்னித் துவைத்திருக்க வேண்டும். இந்த நிகழ்வில் ரிப் மாதிரி வந்தது மூன்றாவது வாரத்தில். அதற்குள் 196 வரிசை பின்னிப் பிரிக்கப்பட்டிருந்தது. பலமுறை பிரித்த பருத்தி நூல் முறுக்கிழந்து பஞ்சாகும். மணிக்கட்டுக்கு அந்த நூலைப் பயன்படுத்தாமல் புது உருண்டை எடுத்தது சரியான முடிவு. சாயத் தொகுதி எண் வேறாக இருந்ததால் இரண்டு மணிக்கட்டையும் ஒரே உருண்டையில் பின்னியதும் சரி.

நிலையத்துத் தாதியிடம் நூல் வாங்கும் முன்பே பேச வேண்டும். அவர் மார்ச் 21இல் சொன்ன இரண்டு வாக்கியமும் பிப்ரவரியிலேயே கிடைத்திருக்கக்கூடியவை.

கற்றவர் இப்போது இரண்டாவது சுவெட்டரைத் தொடங்கியிருக்கிறார், முன்பக்கம் திறப்பது. இடது கையை முதலில் பின்னுகிறார்.